அமாவாசை கழிந்தால் வந்து நிற்பான்

வாங்க சார், வாங்க. செருப்போடவே வாங்க, பரவால்லை. அர்த்தநாரி நான்தானுங்க. டீக்கடையில கேட்டீங்களா? அதான பாத்தேன். அவனுக வேணும்னே இங்க அனுப்பியிருப்பானுக. பூபதியப் பத்தி வெசாரிக்கோணும்னா அவன்கிட்ட வண்டி காட்டற ஆளு இந்தச் சங்ககிரியில வேற யாருமே இல்லாத மாதிரி, மாமனார் ஊட்டைக் கை காட்டியிருக்கானுக பாருங்க. நானும் அவனும் மொகம் பாத்துப் பேசறதில்லைன்னு ஊருக்கே தெரியுமுங்க. வேடிக்கை பாக்கறானுக.

ஒக்காருங்க. சம்பூரணம், ஒறம்பர வந்திருக்காங்க, மோரு கொண்டா. என்ற சம்சாரமுங்க. அவளுக்கு இந்தப் பேச்சே ஆகாது. மோரைக் குடுத்துட்டு உள்ள போயிருவா. போய், கதவுக்குப் பின்னால நின்னு கேப்பா.

நீங்க சொன்னது எனக்குச் சரியா வெளங்கியிருக்குதான்னு பாருங்க. குஜராத்துல துறைமுகத்துக்கிட்ட உங்க கம்பெனிக்கு நூத்துக்கணக்குல லாரி ஓடுது. எல்லாம் கம்ப்யூட்டர் வெச்ச வண்டி. அதுல கோளாறு வந்தா என்ன ஏதுன்னு கண்டுபுடிக்க ஒரு ஆளு வேணும். எங்க பூபதிய எடுக்கலாம்னு இருக்கீங்க. ஊடு குடுத்து, குடும்பத்தோட கூட்டிட்டுப் போயிருவீங்க. குடும்பத்தோடன்னா, என்ற பொண்ணு இந்துமதி, அவ புள்ளை, எல்லாரையும். அதுக்கு முன்னாடி ஆளு எப்படின்னு நாலு பேத்துகிட்டக் கேக்க வந்திருக்கீங்க. அவனுக்கு இன்னும் சொல்லலை. சரிதானுங்களே?

நல்லவேளை கேட்டீங்க. வேண்டாமுங்க சார். அவனை எடுக்காதீங்க. மாமனாரே இப்படிச் சொல்றானேன்னு நெனைக்காதீங்க. மாமனாருக்குத்தானுங்க தெரியும். என்ற வண்டியிலதான அவன் வித்தையெல்லாம் காட்டுனான்.

வண்டின்னா பத்து சக்கரமுங்க. நான் எடுத்தப்ப இந்த வீதியில இருந்த வண்டியிலயே அதுதான் புதுசு. நெத்தியில 'இந்துமதி'ன்னு பெருசா எழுதி, ரெண்டு பக்கமும் மயிலு. சிமெண்ட்டு லோடு ஏத்திக்கிட்டு பெங்களூருக்குப் போகும், வரும். நான் ஓட்டறதை நிறுத்தி டிரைவர் போட்டுட்டேன். ஆனா பூஜை மட்டும் என்ற கையாலதான். அமாவாசைக்கு அமாவாசை வண்டி எங்க இருந்தாலும் ஊட்டு வாசலுக்கு வந்துரோணும். கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்புறம் கேபினைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவேன். சும்மா மஞ்சத்தண்ணி இல்லீங்க, கல்லுப்புப் போட்டுக் கலக்குனது. கண்ணு பட்டதெல்லாம் உப்போட கரைஞ்சு போயிரும். எங்கப்பா அவரு லாரிக்கு ஊத்துனாரு. நான் என்ற பழைய வண்டிக்கு ஊத்துனேன். ஒரு நாளும் ஒன்னும் ஆனதில்லை.

ஆனா இது கம்ப்யூட்டர் வண்டி. உங்களுக்குத் தெரியாததா? பழைய வண்டியில பம்ப்பு பாட்டுக்கு டீசலைத் தள்ளும். இதுல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இஞ்செக்டரு. அது எப்பத் தொறக்கோணும், எப்ப மூடோணும்னு எஞ்சின் பக்கவாட்டுல மாட்டியிருக்கற அந்தப் பொட்டி சொல்லோணும். அது ஒயருல சொன்னாத்தான் இது தொறக்கும். மொதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாளு தொப்பூர் மேட்டுல, லோடோட, எஞ்சின் குலுங்கி, செக் லைட்டு எரிஞ்சு, இழுவையே இல்லாமப் போச்சு. சிலிண்டர் ஒன்னு செத்துப்போன மாதிரி. டிரைவர் போன் பண்ணி அழாத கொறை.

அப்பத்தான் இந்துமதிக்குக் கண்ணாலம் ஆகிக் கொஞ்ச நாளு ஆகியிருந்தது. மாப்ள நாமக்கல்லுல கடை வெச்சு இதே வேலைதான் பாக்கறாரு, லேப்டாப்பை மாட்டிப் பாத்துக் கோளாறு சொல்லறது. அப்படீன்னு சொல்லித்தான் பொண்ணே குடுத்தேன். சரி, ஊட்டுலயே ஆளு இருக்கறப்ப வெளியில எதுக்குன்னு கூப்பிட்டேன். 'வாங்க மாப்ளை, போங்க மாப்ளை'ன்னுதான் பேசுவேன் அப்பெல்லாம்.

வந்தான். லேப்டாப்பை மாட்டுனான். நாலாவது இஞ்செக்டர் லைன்ல கோளாறுன்னு காட்டுது. காட்டுதல்ல? வேற நாலாவது இஞ்செக்டரு வாங்கி மாட்ட வேண்டியதுதான? அதைச் செய்யலீங்க அவன். நாலாவதைக் கழட்டி ரெண்டாவது எடத்துல போட்டான். ரெண்டாவதைக் கழட்டி நாலுல போட்டான். ஒவ்வொன்னு மேலயும் ஒரு நம்பர் இருக்குதாமா, எடம் மாறுச்சுன்னு அதைக் கம்ப்யூட்டருக்கு வேற தட்டிச் சொன்னான். மறுபடி பாத்தா, மறுபடியும் நாலுன்னுதான் காட்டுது. 'மாமா, இஞ்செக்டர் மேல தப்பில்லை. தப்பிருந்தா அதோட சேர்ந்து கோளாறும் ரெண்டுக்குப் போயிருக்கும்'ங்கறான். என்னங்க பேச்சு இது? நான் எஞ்சினோட பொறந்து வளந்தவன். எங்கிட்டயே கண்ணாமூச்சியா?

அப்புறம் எஞ்சினை ஓடவுட்டுட்டு ஒயரைப் புடிச்சு ஆட்டறான். பொட்டிக்குப் பக்கத்துல ஆட்டுனா எஞ்சின் இருமுது. விட்டா நல்லா ஓடுது. உடனே நிறுத்திட்டு, பொட்டியில இருந்து சாக்கெட்டைக் கழட்டி டார்ச்சு அடிச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். உள்ள கம்பியெல்லாம் பச்சையாப் பூத்திருந்துச்சுங்க, பித்தளைச் சொம்பு களிம்பேறுமே, அந்த மாதிரி. எதையோ ஸ்ப்ரே அடிச்சு, பல்லு வெளக்கற பிரஷ்ஷால தேச்சுத் தேச்சுத் தொடைச்சு, சாக்கெட்டை மாட்டி, மேல சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்திக் கட்டுனான். முடிஞ்சுதுங்கறான். ஒரு பொருளு மாத்தலை சார். வெறுங்கையோட வந்தான், வெறுங்கையோட போனான். வேலை தெரிஞ்சவன்னா பழசைக் கழட்டி எறிஞ்சு புதுசு போடோணுமா இல்லையா? பிரஷ்ஷை வெச்சுத் தேக்கறதுக்குப் படிப்பு எதுக்கு?

ஓடுச்சு. ஓடலைன்னு நான் சொல்லலை. அடுத்த அமாவாசை வரைக்கும் ஓடுச்சு.

அன்னைக்குப் போகறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு மெதுவாச் சொல்றான். 'மாமா, பூஜை போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. டயருக்கு ஊத்துங்க, பம்பருக்கு ஊத்துங்க. கேபினை மட்டும் தூக்க வேண்டாம். உப்புத்தண்ணி அந்தச் சாக்கெட்டுக்குள்ள எறங்குது.' எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? பொண்ணைக் கட்டிக் குடுத்தா, சாமிக்கு எங்க ஊத்தோணும் எங்க ஊத்தக்கூடாதுன்னு எனக்கே சொல்ல வந்துட்டான். 'மாப்ளை, நீங்க உங்க லேப்டாப்பைப் பாருங்க, சாமியை நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டேன். 'சரிங்க மாமா'ன்னுட்டுப் போயிட்டான். அமுக்கன்.

அதுக்கப்புறம் கேளுங்க. வண்டிக்குக் கண்ணு பட்டிருக்குதுன்னு எனக்கு உறுதியாயிருச்சு. இல்லைன்னா புது வண்டி ஏன் மக்கர் பண்ணுது? செம்புல ஊத்துனது பத்தலையாக்கும்னு குடத்துல ஊத்த ஆரம்பிச்சேன். உப்பும் ஒரு கை போட்டது ரெண்டு கை, மூணு கை. அந்தப் பொட்டிக்குத்தான் கண்ணுன்னு தெரிஞ்சு போச்சு, அதனால நேரா அது மேலயே. அவன் சுத்தி வெச்ச டியூப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு ஊத்துவேன். மூடி வெச்சுட்டு ஊத்துனா எப்படிங்க கண்ணு கழியும்?

ஊத்த ஊத்த கோளாறு சாஸ்தியாகுதுங்க! எப்பேர்ப்பட்ட கண்ணா இருந்தா இப்படி இருக்கும்னு பாருங்க. மறுபடி தொப்பூர் மேட்டுல நிக்குது. மறுபடி லைட்டு.

இவன் பிரஷ்ஷை நம்பிப் பிரயோசனமில்லைன்னு வேற பெரிய ஒர்க்‌ஷாப்புல விட்டேன். அவங்க வேலைக்காரங்க. நாலாவது இஞ்செக்டரு புதுசு போட்டாங்க. கோளாறு நிக்கலை. அப்புறம் பொட்டியே போயிருச்சுன்னாங்க. பூபதி வந்து, 'மாமா, பொட்டி நல்லா இருக்குது, மாத்தாதீங்க'ன்னான். மாத்துனேன். நீ சொல்லி நான் கேக்கறதான்னு மாத்துனேன். வெலையைச் சொன்னா மயக்கம் வரும், அதை விடுங்க. புதுப் பொட்டி, புது சாக்கெட்டு, புது ஒயரு. ஆடி அமாவாசை வரைக்கும் பூ மாதிரி ஓடுச்சுங்க. ஆடி அமாவாசைக்கு ரெண்டு குடம் ஊத்துனேன், புதுசாச்சேன்னு. அதோட போச்சு.

இதுல ஒரு விசயம் இருக்குது, இதை நல்லாக் கேட்டுக்கங்க. அமாவாசை கழிஞ்ச மறுநாள், நான் போனே பண்ணியிருக்க மாட்டேன், வண்டியில லைட்டுக்கூட எரிஞ்சிருக்காது, இவன் நாமக்கல்லுல இருந்து வந்து நிப்பான்! பையில பிரஷ்ஷு, ஸ்ப்ரே. 'சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போறேனுங்க மாமா'ன்னு கேபினைத் தூக்குவான். தொடைப்பான், டியூப்பு சுத்துவான், போயிருவான். காசு குடுத்தா வாங்க மாட்டான். ஒவ்வொரு அமாவாசைக்கும் இதே கதை. கோளாறு வரப்போவுதுன்னு இவனுக்கு எப்படிங்க முன்னாடியே தெரியும்? செய்யறவனுக்குத்தான தெரியும்? நீங்களே சொல்லுங்க.

நான் யோசிச்சேன். அவன் ஒருக்கா, 'மாமா உங்களுக்குச் சுகரு இருக்குது, வண்டியைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க'ன்னு சொல்லியிருந்தான். அப்பப் புரியலை, அப்புறம் புரிஞ்சுது. என்னைய ஊட்டுல உக்கார வைக்கோணும்னு பாக்கறான். அதுக்குத்தான் மாசாமாசம் வந்து பொட்டியில என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போறான்.

மனசுல வெச்சுக்கிட்டு இருந்தேன். இருந்திருக்கலாம் அப்படியே. இந்துமதி மாசமா இருந்தா. ஏழாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளை இங்க அழைச்சுட்டு வரப் போனோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, எல்லாம் சம்பூரணம் கையாலயே கிண்டுனது. பின்கட்டு ரூமை வெள்ளை அடிச்சு, தொட்டிலுக்குக் கொக்கி கூட நானே மாட்டி வெச்சிருந்தேன். அமாவாசை கழிஞ்சு ரெண்டு நாளு, வளர்பிறை. மாப்ள ஊட்டுல பந்தி நடக்குது. எலையில ஒக்காந்திருக்கேன். டிரைவர் போனு. வண்டி தொப்பூர் மேட்டுல நடுரோட்டுல நின்னுருச்சு, பின்னால ஒரு மைலுக்கு வண்டி அடைச்சு நிக்குது, போலீசு வந்து திட்டறாங்கன்னு கத்தறான்.

எனக்கு வந்ததே கோவம். அந்த மாசம் விசேச வேலையில பூபதி வண்டிகிட்டயே வரலைங்க. வந்து தொட்டாலும் நிக்குது, தொடாட்டியும் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? எங்கியோ இருந்துக்கிட்டே செய்யறான்னுதான அர்த்தம்? லேப்டாப்பு வெச்சிருக்கானுங்களே. எலையை விட்டு எந்திரிச்சேன். அவன் அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் ரசம் ஊத்திக்கிட்டு வர்றான். 'டேய்'னேன். மாப்ளையை 'டேய்'னு கூப்புட்டது அதுதான் மொதல் தடவை. 'என்ற வண்டியில என்ன பண்ணி வெச்சிருக்கற? என்னைய அழிக்கத்தான் என்ற பொண்ணைக் கட்டுனியா?'ன்னு அத்தன சனத்துக்கு முன்னால கேட்டேன்.

பந்தியே நின்னு போச்சு. அவன் ரச வாளியைக் கீழ வெச்சான். தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். பேசுனதெல்லாம் என்ற பொண்ணு. கை நெறைய வளையலோட, வவுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னு, 'அப்பா, உப்புத்தண்ணியை ஊத்தறது நீங்க. மாசாமாசம் வந்து அதைத் தொடைக்கறது அவரு. உங்களைச் சபையில குத்தம் சொல்லக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கறாரு'ங்கறா. பெத்த அப்பனைப் பாத்து! அத்தன ஒறவுக்கு முன்னால! வண்டி நின்னது என்னாலயாமா. என்ற சாமியாலயாமா. எவ்வளவு சொல்லிக் குடுத்து வெச்சிருந்தா அப்படிப் பேசுவா?

அவ வரலீங்க. கட்டுச்சோறு கட்டிப் போனவங்க பொண்ணில்லாமத் திரும்புனது எங்க வகையறாவுலயே நாங்கதான். பிரசவம் அவங்க ஊட்டுலயே. என்ன புள்ளைன்னு எனக்கு டீக்கடையிலதான் சொன்னாங்க. பொம்பளப் புள்ளையாமா. 'தாத்தா ஆயிட்ட, டீ வாங்கிக் குடு'ன்னு சிரிக்கறானுக. வாங்கிக் குடுத்தேன். குடுக்காம என்ன பண்றது?

நான் இன்னும் பாக்கலீங்க. இவ பாத்துட்டா. வெள்ளிக்கெழமையானா திருச்செங்கோட்டு மலைக்குப் போறேன்னு கெளம்புவா. மலைக்குப் போனவ நாமக்கல்லு பஸ்ஸுல இருந்து எறங்கறா. சேலையெல்லாம் புள்ளைப் பவுடர் வாசம். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நானும் கேக்கறதில்லை. அவ வந்து அந்தச் சேலையை மடிச்சுக் கொடியில போட்டுட்டு அடுப்படிக்குப் போனா, நான் கொஞ்ச நேரம் கொடிகிட்ட நிப்பேன். கதவுக்குப் பின்னால நின்னு கேக்கறல்ல, கேட்டுக்க.

தொப்பூர்ல இருந்து இழுத்துட்டு வந்து, மறுபடி சாக்கெட்டும் ஒயரும் புதுசு போட்டு, வண்டியை வித்துட்டனுங்க. திருச்சிப் பக்கத்து ஆளு ஒருத்தன் வாங்குனான். மணல் ஓட்டறான். சுத்தமில்லாதவன் சார். பூஜையும் கெடையாது, ஒரு எலுமிச்சம்பழம் கெடையாது. வண்டியைக் கழுவறதே இல்லை. போன மாசம் பைபாஸ்ல பாத்தேன், சேறு ஏறி, மயிலும் தெரியலை ஒன்னும் தெரியலை. இந்துமதிங்கற பேரு மட்டும் சேத்துக்குள்ள அங்கங்க தெரியுது. நிறுத்தி, 'எப்படிய்யா ஓடுது'ன்னேன். 'தங்கமா ஓடுதுங்க, வாங்குனதுல இருந்து ஒரு தடவை கூட லைட்டு எரியலை'ங்கறான். எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. பாத்துப் பாத்து ஊத்துனவனுக்கு ஓடலை, திரும்பிப் பாக்காதவனுக்கு ஓடுது. சாமிக்குக் கண்ணில்லையா? ஆனா ஒன்னு தெளிவாயிருச்சு. பூபதி கை படாததுனாலதான் ஓடுது. வேற என்ன மாறியிருக்குது சொல்லுங்க?

என்னங்க, ஒரு மாதிரிப் பாக்கறீங்க? கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. ஆமாங்க, மாத்த வேண்டாம்னு அவன் சொன்னான்தான். ஆமா, இஞ்செக்டரு நல்லா இருக்குதுன்னும் சொன்னான். கோவமாவா? இல்லீங்க, எங்கிட்ட ஒரு நாளும் சத்தமாப் பேசுனதில்லை. இல்லீங்க, கூலி வாங்குனதில்லை. வெளியில யாருகிட்டயும் என்னையக் கொறையாச் சொன்னதா நான் கேள்விப்படலை. அதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? நான் சொல்றது வேற.

போனை எதுக்குங்க எடுக்கறீங்க? அவனுக்கா? இங்க இருந்தேவா? ஏனுங்க சார், இவ்வளவு நேரம் தொண்டை வறளக் கத்தியிருக்கேன், 'இந்த மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன்'ங்கறீங்க! நான் சொன்னதைக் கேட்டீங்களா இல்லையா? வேண்டாமுங்க. கொஞ்சம் பொறுங்க. குஜராத்து எவ்வளவு தூரமுங்க? ரெயில்ல ரெண்டு நாளா? ரெண்டு நாளு ரெயில்ல போய்ட்டு, மலைக்குப் போயிட்டு வந்தேன்னு இவ சொல்ல முடியுமா? நாமக்கல்லுன்னா ஒரு மணி நேரம். நான் போகலைன்னாலும், போகலாம்ங்கற தூரத்துல இருக்காங்கன்னு இருக்கும். எனக்கு அவ்வளவுதானுங்க வேணும். அவனை நல்லவன்னு வேணும்னாலும் சொல்றேன். நல்லவன்தானுங்க. இங்கயே இருக்கட்டும்.

ரிங் போவுதா? நான் இங்க இருக்கறேன்னு சொல்லீராதீங்க. ஸ்பீக்கருல போடுங்க. அவன் பேச்சைக் கேக்கறதுக்கு இல்லீங்க, அவன் பேச்சு எனக்கெதுக்கு? பின்னால புள்ளைச் சத்தம் கேக்குதான்னு பாக்கறேன். சம்பூரணம், அந்த ஃபேனை நிறுத்து.